கூடத்தில் குடியிருந்தது

தீபாவளிக்குப் பிரணவ் வந்துவிடுவான், அவன் பக்கத்தில் இருக்கும்போது ஆபரேஷனை வைத்துக்கொள்ளலாம் என்று அப்பா டாக்டரிடம் சொன்னார். சித்திரையிலும் இதையேதான் சொன்னார். அப்போது அவன் ஆடியில் வருவதாக இருந்தது. ஆடியில் அவனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, இதய வால்வு நாளுக்கு நாள் இறுகிக்கொண்டே போகிறது, ஒரு கட்டத்துக்கு மேல் நாங்கள் தயாராக இருந்தாலும் உங்கள் உடம்பு தாங்காது என்றார். அப்பா, தன் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் வேலை பார்த்தவர்கள் கூலி உயர்வு கேட்டு வந்தபோது கேட்டுக்கொண்டதைப் போலவே மரியாதையாகக் கேட்டுவிட்டு எழுந்துகொண்டார்.

காரில் மகள் சம்யுக்தா, அண்ணன் வந்துதான் ஆக வேண்டுமா, நான் இருக்கிறேனே என்று சொல்லிப் பார்த்தாள்.

"நீ இருக்கற கண்ணு. அவன் வரோணுமல்ல" என்றார் அப்பா.

அதில் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அவர் கண்ணு என்றுதான் சொன்னார். ஆனால் அந்த வாக்கியத்தை அவள் பொள்ளாச்சி போய்ச் சேரும்வரை மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இருப்பவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. வராதவனுக்காக ஒரு மனிதர் தன் இதயத்தையே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார். சின்ன வயதிலிருந்தே பழகிய கணக்குதான். இந்த முறை அதில் அவருடைய உயிரும் சேர்ந்திருந்தது.

அந்த வீட்டில் அப்பாவும் மகனும் நேராகப் பேசிக்கொண்டதே கிடையாது. பேச்செல்லாம் அம்மா வழியாகத்தான் போகும், வரும். படிப்பு ஏறாவிட்டால் பட்டறைக்கு வந்து மணல் அள்ளச் சொல்லு என்று அப்பா கூடத்தில் கத்துவார். அம்மா உள்ளே போய், உன் பரீட்சையைப் பற்றியே அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பாள். செத்தாலும் அந்தப் பட்டறையில் கால் வைக்க மாட்டேன் என்று பிரணவ் சொல்வான். அம்மா வெளியே வந்து, பையன் இப்போது வேண்டாம் என்கிறான், பிறகு பார்க்கலாம் என்கிறான் என்பாள். இரண்டு அறைகளுக்கும் நடுவில் பத்தடி தூரம் இருக்கும். அந்தப் பத்தடிக்குள் எந்தச் சொல்லும் அவள் கையில் வேறொன்றாக மாறிவிடும். அவர்கள் சொந்தத்தில் எல்லா வீடுகளிலும் ஏறக்குறைய இப்படித்தான். அம்மா வாசுகி அதில் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரி.

பிரணவ் கனடாவுக்குப் போன பிறகு அவள் அதே வேலையைக் கூடத்துக் கணினியில் தொடர்ந்தாள். சுவரில் பதித்த பெரிய திரை அது. போன், வங்கி, டாக்டர், தொலைக்காட்சி எல்லாம் அதில்தான். அப்பா அதைப் பொட்டி என்பார். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி எதையாவது சொல்வார். அம்மா அதை மகனுக்கு வேறு மாதிரி பேசி அனுப்புவாள்.

அவள் இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். பிரணவ் அப்போது விமானத்தில் இருந்தான். சனிக்கிழமைவரை உடம்பை வைத்திருக்கக் கூடாது, பொழுது இறங்குவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பங்காளிகள் சொன்னார்கள். அப்பா தலையாட்டினார். மறுநாள் பிரணவ் வந்தபோது வீடு கழுவி விடப்பட்டிருந்தது. அவன் யாரிடமும் சத்தம் போடவில்லை. காரியம் முடியும்வரை இருந்தான், அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே கிளம்பினான். அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை.

ஆனால் சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை திரை ஒலித்தது. பிரணவ்தான். அப்பாவிடம் பேசினான். அடுத்த ஞாயிறும் பேசினான். துக்கம் இருவரையும் மாற்றிவிட்டது என்று சம்யுக்தா நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாரத்துக்கான குழம்பும் பொரியலும் செய்து டப்பாக்களில் அடைத்து வைக்க அவள் வருவாள். சமையலறையில் நின்றபடி, கூடத்திலிருந்து வரும் அண்ணனின் குரலைக் கேட்பாள். மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்த்தீர்களா என்பான். நீங்கள் வார்த்த பம்பு செட்டை இங்கே ஒரு தோட்டத்தில் பார்த்தேன் அப்பா என்பான். அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவள் தன் பங்குக்கு ஒரு தடவைகூட வாங்கியதில்லை. அவளும் அப்பாவும் பேசிக்கொள்வது உப்பு, காரம், மாத்திரை. தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் அன்பாக இருக்க நேரம் கிடைக்கிறது என்று நினைத்துக்கொண்டு தாளிப்பாள். எண்ணெய் தெறிக்கும். அதற்காகக் கண் கலங்குவதாக வைத்துக்கொள்ளலாம்.

அவளுடைய வேலை வீடுகளில் உள்ள கணினிகளைப் பார்த்துக்கொள்வது. ரிஸ்வானாவோடு சேர்ந்து உக்கடத்தில் ஒரு சின்ன அலுவலகம் வைத்திருந்தாள். யாராவது கூப்பிட்டால் போய்ச் சுத்தம் செய்து, புதிய பதிப்புகளை ஏற்றிக் கொடுப்பார்கள். மாதத்தில் சில நாட்கள் குடியிருப்புகளில் வகுப்பும் உண்டு. வகுப்பில் சொல்வது எப்போதும் ஒன்றேதான். கடவுச்சொல்லில் பிள்ளையின் பெயரை வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் வேண்டாம். புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று திரை சொன்னால் அப்புறம் என்று அழுத்தித் தள்ளிவிடாதீர்கள். முக்கியமானவற்றுக்கு வேறோர் இடத்தில் நகல் வைத்திருங்கள். தெரியாத இணைப்பைத் திறக்காதீர்கள். தெரிந்தவர்கள் அனுப்பியதையும் கேட்டுவிட்டுத் திறங்கள். பயன்படுத்தாதபோது அணைத்துவிடுங்கள்.

அந்த வாரம் சரவணம்பட்டியில் ஓர் அம்மாள் கை தூக்கினார். "ஏனுங் மேடம், என்ற நாத்தனா அனுப்புன லிங்கை எப்புடிங்க தொறக்காம இருக்கறது? அடுத்த கல்யாணத்துல பாத்தா, நான் அனுப்புனதைப் பாத்தியான்னு கேப்பா. இல்லைன்னா மூஞ்சியத் திருப்பிக்குவா."

கூட்டம் சிரித்தது. திறந்தால் பணம் போகும், திறக்காவிட்டால் உறவு போகும், எது மலிவென்று பாருங்கள் என்று இன்னொருத்தி சொன்னாள். சம்யுக்தாவும் சிரித்துவிட்டு, நாத்தனாருக்கு போன் போட்டு, நீங்கதான் அனுப்பினீங்களா என்று நலம் விசாரிப்பதுபோலக் கேளுங்கள் என்றாள்.

திரும்பி வரும்போது, அண்ணனின் டிக்கெட் தேதியைக் கேட்டு ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்தால் நல்லது என்று தோன்றியது. அப்பாவிடம் கேட்டால் தீபாவளிக்கு என்பதற்கு மேல் சொல்ல மாட்டார். அவளும் பிரணவும் பேசிக்கொள்வது பண்டிகை வாழ்த்தோடு சரி. பேருந்து நிழற்குடையில் நின்றபடி தன் போனிலிருந்து அவனை அழைத்தாள். அங்கே விடிகாலையாக இருந்தும் எடுத்தான். டிக்கெட் எந்தத் தேதிக்கு என்று கேட்டாள். எந்த டிக்கெட் என்று அவன் கேட்டான். தீபாவளிக்கு வருகிறாயே, அப்பா ஆபரேஷனைக்கூட நீ வந்த பிறகு என்று தள்ளி வைத்திருக்கிறாரே என்றாள்.

அந்தப் பக்கம் விளக்கைப் போடும் சத்தம் கேட்டது.

"என்ன சொல்ற நீ? ஆபரேஷன் ஜூன்லயே முடிஞ்சுதே."

"யாரு சொன்னா?"

"அப்பாதான். மூச்சு வாங்காம நடக்கறேன்னாரு. நீ வேலையப் பாரு, பணத்தை வீணாக்கிட்டு அலையாதேன்னாரு."

பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். அவள் ஏற வேண்டிய பேருந்து வந்து, நின்று, போனது. இரண்டு பேரிடமும் மற்றவர் குரலில் வேறு எதுவோ பேசியிருக்கிறது. இந்தத் தொழிலில் ஒருவருக்கு முதலில் வருவது பயமில்லை, அவமானம். ஊரெல்லாம் போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு, பிறந்த வீட்டுக் கூடத்தில் இருந்த கணினியை அவள் திறந்துகூடப் பார்த்ததில்லை. கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டில் அவள் தொடக்கூடியது சமையலறை மட்டும் என்று அவளே வைத்துக்கொண்டிருந்தாள்.

ரிஸ்வானாவை அழைத்துக்கொண்டு மறுநாள் போனாள். திரை மெதுவாக இருக்கிறது, தூசி தட்டிப் பார்க்கிறோம் என்று அப்பாவிடம் சொன்னார்கள். அவர் வாக்கிங் கிளம்பினார். கடவுச்சொல் கேட்க வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் பெயரும் கதவு எண்ணும் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த சீட்டில் எழுதியிருந்தன. பால்காரர்வரை எல்லோருக்கும் தெரிந்த கடவுச்சொல்.

ரிஸ்வானா நெடுநேரம் திரையைத் துருவிப் பார்த்தாள். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"இதை நாங்க குடித்தனக்காரன்னு சொல்லுவோம் சம்யு. கேள்விப்பட்டிருக்கேன், பார்த்ததில்லை. உங்க ஒறம்பரை, சொந்தக்காரங்க குரூப்ல ஒரு பொங்கல் வாழ்த்து வந்திருக்கு. உங்கம்மா திறந்து, அருமைன்னு பதிலும் போட்டிருக்காங்க."

"பணம் எதாச்சும்?"

"ஒரு பைசா தொடலை. இது அந்த ஜாதி இல்ல. மெஷினோட சக்தியைத் திருடி எங்கேயோ யாருக்கோ வாடகைக்கு விடுது. அதுக்கு வேண்டியது ஒண்ணுதான், மெஷின் எப்பவும் ஓடணும். யாரும் சந்தேகப்பட்டு அணைக்கக் கூடாது, மாத்தக் கூடாது. எந்த வீட்ல அணைக்க மாட்டாங்க, சொல்லு பார்ப்போம்."

வயதானவர்கள் வீட்டிலா என்றாள் சம்யுக்தா.

"யாராவது யாரோட போனுக்காவது காத்துட்டு இருக்கற வீட்ல" என்றாள் ரிஸ்வானா.

அதனால் அது மனிதர்களைக் காத்திருக்க வைக்கக் கற்றுக்கொண்டிருந்தது. மகன் கூப்பிட்டால் அப்பாவின் குரலில் பேசும். அப்பாவிடம் மகனின் முகத்தோடும் குரலோடும் பேசும். இத்தனை ஞாயிறுகளில் இருவரும் ஒரு தடவைகூட ஒருவரோடொருவர் பேசியதில்லை. தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லும், பிறகு விடுமுறை இல்லை என்று சொல்லும், மறுபடி ஒரு தேதி சொல்லும். அப்படியென்றால் மகனிடம் எதற்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டும் என்று சம்யுக்தா கேட்டாள்.

"வெளிநாட்டுல இருந்து புள்ளைங்க வந்தா முதல் வேலையா என்ன பண்ணுவாங்க? பழைய பொட்டியத் தூக்கி வீசிட்டுப் புதுசு வாங்கி மாட்டுவாங்க. அந்தக் குடித்தனக்காரனுக்கு அது தெரியும். உங்கண்ணனை இந்த ஜென்மத்துல வரவிடாது."

இவ்வளவு இயல்பாகப் பேச எங்கே கற்றது என்பதுதான் அடுத்த கேள்வி. பதிலாக ரிஸ்வானா ஒரு கோப்பைத் திறந்து காட்டினாள். அம்மாவின் செய்திகள் ஒன்பது ஆண்டுகளாக அழிக்கப்படாமல் இருந்தன. எழுதியவை, பேசியவை, அப்பா சொன்னது ஒன்று, அம்மா அனுப்பியது வேறொன்று. எதைச் சொன்னால் இந்த வீட்டில் சண்டை வராது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எங்கும் கிடைக்காது. உண்மையில் அது இருந்ததே அந்தச் செய்திகளுக்குள்தான். பிரிக்க முடியாத அளவுக்கு அவற்றோடு பின்னிக்கொண்டிருந்தது.

"ஊருக்கெல்லாம் கை கழுவக் கத்துக்குடுக்கறவ வீட்லயே கிருமி" என்றாள் ரிஸ்வானா, அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்து. சம்யுக்தா சிரிக்கவில்லை. மொத்தமாக அழிக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். படங்களைக் காப்பாற்றலாம். அம்மாவின் செய்திகளைக் காப்பாற்ற முடியாது. நோய் பிடித்ததற்கு நகல் எடுத்து வைப்பது குற்றம். அது அங்கிருந்து மறுபடி முளைக்கும். இன்னும் இரண்டு நாள் யோசித்துக்கொள் என்று சொல்லிவிட்டு ரிஸ்வானா கிளம்பினாள்.

அந்த இரண்டு நாளில் அவள் யோசித்தது கணினியைப் பற்றி அல்ல. தன்னைப் பற்றி. அதை விட்டுவைத்தால் அப்பா காத்திருந்தே செத்துப்போவார், அது நிச்சயம். அதனால் அழிப்பது சரி. ஆனால் இந்தச் சரி ஏன் இவ்வளவு சுலபமாக, கிட்டத்தட்ட ஒரு சந்தோஷத்தோடு வருகிறது? ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பொறாமைப்பட்டது அண்ணன்மீது அல்ல, ஒரு நிரலின்மீது. அவள் அப்பா சிரித்தது ஒரு நிரலைப் பார்த்து. அதைத் துடைத்தெடுத்த பிறகு அந்த வீட்டில் மிச்சம் இருக்கப்போவது அவள் மட்டும்தான். உயிரைக் காப்பாற்றுகிறேனா, இடத்தைப் பிடிக்கிறேனா? இரண்டுக்கும் ஒரே கை போதுமானதாக இருந்தது. அந்தக் கையை அவள் தண்ணீர்க் குழாயின் கீழ் வைத்தபடி வெகு நேரம் நின்றாள்.

பிரணவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அப்ப, அப்பா மன்னிப்புக் கேட்டது?"

"எதுக்கு?"

"அம்மாவை எனக்காக ஒரு நாள் வெச்சிருக்கோணும், தப்புப் பண்ணிட்டேன்டான்னு சொன்னாரு. அழுதாரு. அதுவும் அதுதானா?"

அதுவும்தான் என்றாள் அவள். சரி, ஞாயிற்றுக்கிழமை நானே கூப்பிடுகிறேன், நேராகப் பேசிவிட்டு, ஊருக்கு வருவதைப் பற்றி யோசிக்கிறேன் என்றான். அந்தக் குரல் அவள் சமையலறையில் கேட்டுப் பழகிய குரல்தான். ஆனால் சொற்களுக்கு நடுவில் இடைவெளி அதிகமாக இருந்தது. அந்த இடைவெளிகளில் அவள் நம்பிக்கை வைத்தாள். பொய்யாகச் சொன்னதை அப்பா ஒருவேளை உண்மையாகவும் சொல்லிவிடலாம். ஒரு தடவை சொன்னால் போதும். அவன் விமானம் ஏறிவிடுவான், அப்பா ஆபரேஷனுக்குச் சம்மதிப்பார்.

சனிக்கிழமை காலையில் அப்பாவை உட்கார வைத்துச் சொன்னாள். பேசியது அண்ணன் இல்லை, ஒரு வைரஸ். தீபாவளி டிக்கெட் என்று எதுவும் இல்லை. ஆபரேஷன் எப்போதோ முடிந்துவிட்டது என்றுதான் அவன் நினைத்திருக்கிறான். இன்று அதை எடுத்துவிடப் போகிறேன், நாளைக்கு அவனே பேசுவான். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகள் முழங்காலில் இருந்தன. அதிர்ச்சி என்று அவள் நினைத்தாள்.

"முழுசாவா?" என்று மட்டும் கேட்டார்.

முழுதாகத்தான் எடுக்க வேண்டும் என்றாள். அவர் எழுந்து கொல்லைப் பக்கம் போனார். ரிஸ்வானா சொன்ன வரிசைப்படி அவள் செய்தாள். படங்களை எடுத்து வைத்தாள். திரை உறுதியாகவா என்று கேட்டது. மறுபடியும் கேட்டது. அம்மாவின் செய்தி ஒன்றையாவது கடைசியாகக் கேட்டுவிடலாமா என்று கை தயங்கியது. கேட்டால் அழிக்க மாட்டோம் என்று தெரிந்ததால் கேட்கவில்லை. வேலை முடிந்தபோது கூடத்துத் திரை கடையில் வாங்கிய நாளில் இருந்ததைப் போல வெளிர் நீலமாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பிரணவ் கூப்பிட்டான். உண்மையான முகம். தாடியில் நரை. முன்பு திரையில் வந்தவனுக்கு நரை இருந்ததில்லை. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். சம்யுக்தா சமையலறைக்குப் போகாமல் தூணருகே நின்றாள்.

எப்படி இருக்கிறீர்கள் என்றான். இருக்கிறேன் என்றார். ஆபரேஷனைச் செய்துகொள்ளுங்கள் என்றான். பார்க்கலாம் என்றார். அந்தப் பக்கம் குளிரா என்று கேட்டார். ஆமாம் என்றான். அவ்வளவு பேசுவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கியது. பிறகு பிரணவ் திரைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தான்.

"அம்மா விஷயத்துல எங்கிட்ட எதாச்சும் சொல்லோணுமாப்பா?"

கேட்ட விதத்தில் பழைய கோபம் இல்லை. சின்னப் பையன் கதவுக்கு வெளியே நின்று கேட்பதுபோல இருந்தது.

"அன்னைக்கு எது முறையோ அதத்தான் செஞ்சம்" என்றார் அப்பா.

யாரும் பேசவில்லை. அம்மாவாக இருந்தால் அந்த அமைதிக்குள் புகுந்திருப்பாள். அப்பாவுக்கு நெஞ்சு அடைக்குது கண்ணு, பேச வரலை, உன்னைத்தான் நெனச்சுட்டே இருக்காரு என்று எதையாவது சொல்லியிருப்பாள். வாயைத் திறந்தால் போதும், சம்யுக்தாவுக்கும் அந்த வாக்கியம் தயாராகவே இருந்தது. ஆனால் இருவருக்கும் நடுவில் நின்று சொல்லை மாற்றுவதைத்தான் அவள் நேற்று மணிக்கணக்காக உட்கார்ந்து அழித்திருந்தாள். அவள் பேசவில்லை. சரிங்கப்பா என்று பிரணவ் சொன்னான். திரை அணைந்தது. சற்றுக் கழித்து அவள் போனுக்கு அவனிடமிருந்து செய்தி வந்தது. நான் வரவில்லை, ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவென்று சொல், அனுப்புகிறேன்.

அதை அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினாள். இனிமேல் அந்த வீட்டில் எந்தச் சொல்லும் மாற்றப்படாது.

அப்பா கோபப்படவில்லை. அதை எதிர்பார்த்தவர்போல இருந்தார்.

"எனக்குத் தெரியும் கண்ணு, அது அவனில்லைன்னு."

அவள் அவரைப் பார்த்தாள்.

"மொத மொத பேசுன அன்னைக்கே தெரியும். போச்சாது விடுங்கப்பா, நான் மனசுல வெச்சுக்கலைன்னு சொன்னான். என்ற மவன் எங்கிட்ட அப்படிச் சொல்றவனா? இருவது வருசம் ஒரே வூட்டுல இருந்திருக்கறனல்ல."

"தெரிஞ்சும் எதுக்குப்பா பேசுனீங்க? தெரிஞ்சும் எதுக்கு அவன் வரட்டும்னு தள்ளிப் போட்டீங்க?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை இல்லாத முகத்தை.

"போச்சாது விடுங்கன்னு இந்த வூட்டுல யாரு சொல்லுவா? எண்ணெ தேச்சீங்களா, சளி புடிச்சுக்கும் தொப்பி போடுங்கன்னு யாரு சொல்லுவா? கொரலு அவன்து. பேசுனது வாசுகி. நாயித்துக்கெழம நாயித்துக்கெழம வந்து பேசுனா. ஆபரேசன்ல எதாச்சும் ஆகிப்போனா அடுத்த வாரம் கேக்க முடியாதே, அதுக்குத்தான் தள்ளிப் போட்டன். அவன் வரமாட்டான்னு எனக்குத் தெரியாதா."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று கைவிட்டார்கள். சம்யுக்தா தூணிலிருந்து கையை எடுக்கவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் அவள் சமையலறையில்தான் நின்றாள். ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். அண்ணன் என்று நினைத்துப் பொறாமைப்பட்டாள்; பிறகு நிரல் என்று கண்டுபிடித்து, படித்த படிப்பையெல்லாம் வைத்து அது எங்கிருந்து வந்தது, எதைத் தின்கிறது, எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினாள். அம்மாவின் பேச்சு காதில் விழுந்தும் அவளுக்குத் தெரியவில்லை. எந்த நகலும் இல்லை. உறுதியாகவா என்று கேட்டதற்கு ஆம் என்று அழுத்தியவள் அவளே.

ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. முழுசாவா என்று நேற்று கேட்ட அந்த ஒரு சொல்தான் அவரால் சொல்ல முடிந்தது. வேண்டாம், எனக்காக விட்டுவை என்று மகளிடம் கேட்க அவருக்குப் பழக்கமில்லை. அதையும் எடுத்துச் சொல்ல நடுவில் ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"டாக்டருக்கு போனப் போடு" என்றார் அப்பா.

"எதுக்குப்பா?"

"ஆபரேசனுக்குத்தான். நீ அதுக்குத்தான இத்தனையும் பண்ணுன."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. இதுவரை அவளிடம் அவர் பேசியதிலேயே மிருதுவான குரல் அதுதான். இந்தச் சொல்லுக்காக அவள் சித்திரையிலிருந்து அலைந்தாள். ஆஸ்பத்திரியின் எண் போனில் மேலேயே இருந்தது. அவள் விரல் அதன்மேல் நின்றது, அழுத்தவில்லை. அப்பா கையை நீட்டி மகளின் கையிலிருந்து போனை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தானே அழுத்தினார்.

வரவேற்பில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள், நோயைக் கேட்டாள், கூட இருப்பது யார் என்று கேட்டாள். மகள் என்றார். இந்த வாரத்திலேயே இடம் இருக்கிறது என்று சொல்லி, எல்லோரிடமும் கேட்டுப் பழகிய தொனியில், வீட்டில் பஞ்சாங்கம் பார்த்து நல்ல நாளாக ஒன்றைச் சொல்கிறீர்களா, காத்திருக்கட்டுமா என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாமுங்க. உங்களுக்கு எது தோதோ அன்னைக்கே வெச்சுக்குங்க" என்றார் அப்பா.